காதரும் வின் மவுங்கும் ஒரு கடைவாய்ப் பல்லும்

போன வாரம் எனக்குப் பல்வலி. லத்தா பேட்டையில் ஒரு மாடியில் இருக்கும் பல் கிளினிக்குக்கு ஓடினேன். கவுன்டரில் மா தீடா. சிரித்த முகம், நல்ல பெண்.

"அன்டி, வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க. ஒரே குடும்பமா கம்ப்யூட்டர்ல சேர்த்துடறேன்" என்றாள் பர்மியத்தில்.

"காதர்."

தட்டினாள். "ஊலே காதருக்கு நாங்கதான் பணம் தரணும் அன்டி! மைனஸ் காட்டுது." ஊலே என்றால் பர்மியத்தில் மாமா. அவர் போன் நம்பரையும் தட்டிப் பார்த்தாள். அதே நம்பரில் இன்னொரு பெயர் - வின் மவுங். அங்கே சிவப்பு எழுத்தில் பாக்கி!

"அன்டி... ரெண்டும் ஒரே ஆளா?"

ஒரே ஆள்தான். இந்த ஊரில் நம் தமிழ் ஆட்களில் பல பேருக்கு வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர் இல்லையா? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே பர்மியப் பெயர் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் தின்கன்ஜூனில், எங்கள் வீட்டில், காதர். அலோனில், வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி ஆபீஸில், மரியாதைக்கு ஓர் 'ஊ' சேர்த்து, ஊ வின் மவுங்.

போன வருஷம் அவருக்கு இதே கிளினிக்கில் ரூட் கனால். முதல் நாளே காதர் என்று பெயர் கொடுத்து முழுப் பணத்தையும் நான் கட்டினேன். பிறகுதான் கம்பெனி இன்ஷூரன்ஸ் உண்டு என்று தெரிந்தது. அந்த ஃபாரத்தில் ஆபீஸ் பெயர். கிளினிக்கில் வின் மவுங்குக்குப் புதுக் கணக்குத் திறந்து, வைத்தியத்தின் பில்லை அங்கே மாற்றிவிட்டார்கள்; நான் கட்டிய பணத்தை மாற்றவில்லை. இன்ஷூரன்ஸ் பெரும் பகுதியை அனுப்பியது. மீதி வின் மவுங் தலையில் பாக்கி. காதரின் பணமோ கேட்பாரற்றுக் கிடந்தது.

பாக்கியைக் கேட்டு இவருக்கு போன் வந்திருக்கிறது. "கட்டியாச்சே" என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை! கேட்டால், "ஆனாடே" என்கிறார். அடுத்தவருக்குச் சங்கடம் கொடுக்கக் கூசுவதற்குப் பர்மியர்கள் சொல்லும் வார்த்தை. நம் ஆட்களும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த மாதம் மகளின் டியூஷனுக்குக் கொடுத்ததில் கை காலி. கட்டவும் முடியாமல், இல்லை என்று சொல்லவும் கூசி, கிளினிக் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். என்னிடமும் மூச்சு விடவில்லை. பாதி வேலை முடிந்த பல், தற்காலிக சிமென்ட்டோடு நின்றது. நானோ ஊசிக்குப் பயந்த மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கறி கடித்தார்... பல் இரண்டாகப் பிளந்தது. பிடுங்கத்தான் முடிந்தது.

காப்பாற்றியிருக்கக்கூடிய பல். ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தால், ரசீதோடு போய் நின்றிருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

மா தீடா விளக்கினாள். வரவேண்டிய பணத்தை அந்த சாஃப்ட்வேர் தினமும் சிவப்பில் லிஸ்ட் போட்டுக் காட்டுமாம். திருப்பித் தரவேண்டியதற்கு ஒரு சின்ன மைனஸ் கோடு மட்டும். யாராவது தேடித் திறந்தால்தான் உண்டு. கம்ப்யூட்டரை மட்டும் சொல்வானேன்? நம் மனசும் ஏறக்குறைய அப்படித்தானே கணக்கு வைக்கிறது?

மறுநாள் அவரை இழுத்துக்கொண்டு போனேன். பாக்கியைக் கழித்துவிட்டு மீதியை இரண்டு கையாலும் நீட்டினாள் மா தீடா. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"ரசீதை எந்தப் பேர்ல எழுதட்டும் ஊலே?"

"எதுவா இருந்தா என்னம்மா... பரவாயில்லை, பரவாயில்லை" என்று சிரித்தார் இவர், உதட்டைத் திறக்காமல்.

படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் மெல்லச் சொன்னார்: "பேருதான் ரெண்டு, புள்ள. பல்லு ஒண்ணுதான் இருந்துச்சு."

"இதை மேலேயே சொல்லியிருக்கலாமேங்க!"

"ஆனாடே" என்றார், வாயைப் பொத்திக்கொண்டு.