கோழிக்கூண்டுக்குள் கணக்கு வாத்தியார்

என் மச்சான் இருபத்திரண்டு வருஷம் பரீட்சை, மார்க் என்றே கிடக்கும் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். சிவப்புப் பேனா அவருக்கு ஆறாவது விரல். கொசு கடித்தால்கூடக் கடித்த இடத்தைச் சுழித்து 'தவறு' என்று எழுதுவார். அவர் இருப்பது எங்கள் வீட்டில்தான். சாப்பிட்டால் கை கழுவுவதற்குள் மார்க் வந்துவிடும்.

"சோறு குழைஞ்சிருக்கு. பத்துக்கு நாலு."

என் பெண்டாட்டி பல்லைக் கடிப்பாள். கூடப் பிறந்த அண்ணனாயிற்றே!

அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். நான் வேன் ஓட்டும் பள்ளியில் சொல்லிச் சேர்த்துவிட்டேன். இங்கே மணி இல்லை, மார்க் இல்லை, பரீட்சை இல்லை. தலைமை டீச்சரைப் பெரியக்கா என்போம். அவர் முதல் நாளே பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஒரு மாசம் பாப்போம் சார். பிள்ளைங்க தப்புப் பண்ணா உடனே திருத்தக் கூடாது. திருத்தினீங்கன்னா வேற இடம் பாத்துக்குங்க."

வேலை போனால் நாள் முழுக்க வீட்டிலிருந்து மார்க் போடுவாரே என்று என் பெண்டாட்டிக்குத் தூக்கமே இல்லை.

மாதத்தின் கடைசி நாள் பிள்ளைகள் ஆளுயரக் கோழிக்கூண்டு கட்டினார்கள். நடுக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மச்சான் உள்ளே நின்றார். இடுப்பு வரை பலகை, அதற்கு மேல் கம்பிவலை. நாலு பக்கமும், மேலே கூரையும் ஏறிவிட்டன. கதவைத்தான் காணோம்! மச்சானுக்கு அது தெரியும். வாயைத் திறந்தால் வேலை போச்சு. கைக்குட்டையை உருட்டி வாயில் திணித்துக்கொண்டார். கடைசி ஆணியும் இறங்கியது. வாத்தியார் உள்ளே, கோழி வெளியே.

மாசக் கூட்டத்துக்கு வந்த டீச்சர்கள் கூண்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"முழுமையான கல்வின்னா கை வேலை செய்யணும். ஆணி எவ்வளவு நேரா இருக்கு பாருங்க!" என்றார் தோட்ட வாத்தியார்.

"கை மட்டும் போதுமா? மனசு மலரணும். ஒருத்தராவது சண்டை போட்டாங்களா?" என்றார் பாட்டு டீச்சர்.

உள்ளிருந்து "ம்ம்ம்!" என்று மச்சான் கதறினார்.

"பாத்தீங்களா, சாரே ஆமாங்கறாரு!"

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, கடப்பாரை எடுத்துட்டு வரட்டுமா?"

"உஷ்! பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும்" என்றார் பெரியக்கா.

முக்கால் மணி நேரம் போனது. பல் விழுந்த ஒரு வாண்டுப் பெண் கோழியை இடுக்கிக்கொண்டு வந்து கூண்டை மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"அய்யய்யோ, கோழி எப்படி உள்ள போகும்?"

வாத்தியாரைப் பற்றி யாருக்குமே கவலை இல்லை! அப்புறம்தான் இன்னொருத்தி கேட்டாள்: "சார் எப்படி வெளிய வருவாரு?"

"சார் ஒரு தடவதான வரணும்? கோழி தினமும் போகணும். சின்னக் கதவு போதும்."

"சார் மாட்டிக்குவாருடி!"

மச்சான் தொப்பை காம்பஸ் வைத்து வரைந்தது போல உருண்டையாக இருக்கும். வலை வழியாக நூலைவிட்டு அதைச் சுற்றி அளந்தார்கள். "மூணால வகுத்தா அகலம் வந்துரும்!" என்று வாண்டு கத்தினாள். வகுத்தார்கள். பலகையில் வட்டம் போட்டு அறுத்தார்கள். மச்சான் தவழ்ந்து தலையை நீட்டினார்.

"நீங்களும் சொல்லுங்க சார், முழுமையான கல்வி எதுக்கு?" என்றார் பெரியக்கா.

கைக்குட்டையைத் துப்பினார் மச்சான். கண்ணில் தண்ணீர்.

"இத்தனை வருஷத்துல மார்க் இல்லாம ஒரு பிள்ளையும் வகுத்ததில்லைங்க. இன்னிக்கு என்னை வெளிய எடுக்க வகுத்தாங்க. இதுக்குத்தான்."

"நாளையிலேருந்து நீங்க நம்ம ஆளு" என்றார் பெரியக்கா.

வீட்டில் சோறு போட்டுவிட்டு என் பெண்டாட்டி பக்கத்திலேயே நின்றாள்.

"அண்ணா, எப்படி இருக்கு?"

மச்சான் சிரித்தார். "நான் சொல்லக் கூடாதும்மா. நீயே கண்டுபிடி."

அவள் வீசிய கரண்டி என் காதை உரசிக்கொண்டு பறந்தது.

"அந்த நாலு மார்க்கே தேவலாம்டா சாமி!"