அவளுக்கு நாலு, எனக்கு ரெண்டு

எரிகல் எண்ணுவது என் வேலை. அதுவும் பட்டப்பகலில், ஃபேனுக்குக் கீழே, ஹெட்போனை மாட்டிக்கொண்டு. எரிகல் விட்டுப்போகும் தடத்தில் தூரத்து ரேடியோ அலை பட்டு வந்தால் 'டிங்' என்று கேட்கும். மேகமோ வெயிலோ கவலையில்லை. சித்தூர் மையத்தில் நான். லடாக் மையத்தில் பத்மா. இருவருக்குமே ஒரு வருஷ வேலைதான். குறைவாக எண்ணுகிறவளை நிறுத்திவிடுவார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பிள்ளையை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் போய்ச்சேர எனக்கு வேறு வேலை ஏது? பக்கத்து சீட்டைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு இது புரியும்.

சாரல்

ஆகஸ்ட் எரிகல் மழையில் அவளுக்கு நாலு என்றால் எனக்கு ரெண்டு. வெறும் கண்ணால் பார்க்கிறவர்களுக்கும் அங்கேதான் அதிகமாம். ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன். காதைக்கூடக் குடைந்து பார்த்தேன். ம்ஹூம்.

"எல்லாம் அட்சரேகை பண்ற வேலை" என்றார் எங்கள் சார். அந்த மழை வடக்கு வானத்திலிருந்து வருகிறது. பத்மாவுக்கு அந்த இடம் மறைவதே இல்லை. நமக்குப் பாதி வானம்தான் ஏறி இறங்கிவிடும். எனக்கு மனசு ஆறவில்லை என்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாய்வா அடிக்கிற சாரல்ல குடத்த வெச்சா ரொம்புமாம்மா?"

நீளமான டிங்

டிசம்பரிலும் அவளே முன்னால். பொறுக்க முடியாமல், இழுத்துக்கினு போகிற நீளமான சத்தங்களையும் எரிகல் கணக்கில் சேர்த்தேன். சார் பதிவைப் போட்டுக் கேட்டார். குறைவாக எண்ணினால் பரவாயில்லை, பொய்யாக எண்ணினால்தான் வேலை போகும் என்றார். அப்புறம் சிரித்துவிட்டார்: "ஏம்மா, அது ஏரோப்ளேன்! உன் எரிகல்லு ரேணிகுண்டா ஏர்போர்ட்டுல இறங்கி, பொட்டியத் தூக்கிகினு திருமலைக்கே போயிருக்கும்!"

மே மாதம்

மே மாத மழை பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே இருந்து வருவது. நம் வானத்தில் உயர ஏறும். லடாக்கில் அவ்வளவு ஏறாது. எனக்கு நாலு, அவளுக்கு மூணு! பயத்தில் மூன்று தடவை எண்ணினேன். சந்தேகமாக இருந்ததையெல்லாம் அடித்துவிட்டேன். அப்போதும் நானே முன்னால்.

மறுநாள் பத்மாவின் போன். என் இந்தி திருமலை வரிசையில் நின்று கற்றது, ஆனாலும் அவள் கேட்டது நன்றாகவே புரிந்தது: "அக்கா, உண்மையச் சொல்லு. நீயும் ஏரோப்ளேனைச் சேத்துதானே எண்ணுற?"

இருவருக்கும் வேலை நீண்டது; ஆகஸ்டில் என் பொறாமை, மே மாதத்தில் அவளுடையது என்று முறைபோட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம்.