அக்கியும் சாய்ந்த தெருவும்

மருத்துவர் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தும், மாத்திரையால் தலை சுற்றுகிறது என்று அம்மாவிடம் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, சொந்த வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். யாராவது பார்த்தால் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். அந்த வாரம் சுவர்மீது என் அளவுக்கு அக்கறை காட்டியவர் பெரம்பலூரிலேயே வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை. தினம் பஸ்தான். போகும்போது வெள்ளைச் சட்டை, திரும்பும்போது சாம்பல் சட்டை. அப்பா இல்லை. வீட்டில் அம்மா, தங்கை, நான். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. நான் வாங்கிக் குவித்த புத்தகங்கள்தான் காரணம் என்று அம்மா நம்பினாள். அதை மறுக்க எனக்கும் மனசு வரவில்லை, காரணம் கௌரவமாக இருந்ததால்.

அந்தக் கோடையில் இடது விலாவில் தணலை வைத்துக் கட்டியதுபோல எரிச்சல். அடுத்து கொப்புளங்கள் வரிசை கட்டின. அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்து, அக்கி என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொன்னாள். சாயங்காலமே வேளாரிடம் போய் எழுதிக்கொள்ள வேண்டுமாம். பானை செய்கிற வேளார் செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் கொப்புளத்தின்மேல் பூசி, கூடவே ஒரு சிங்கத்தையும் வரைந்துவிடுவார். சிங்கத்தைக் கண்டால் அக்கி ஓடிவிடும் என்பது ஏற்பாடு.

நான் சும்மா இருந்திருக்கலாம். சின்ன வயசில் வந்த அம்மையின் வைரஸ் போகாமல் நரம்புக்குள் பதுங்கியிருந்து இப்போது எழுந்து வந்திருக்கிறது, அதற்குச் சிங்கத்தையெல்லாம் தெரியாது என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"சரிடா. அதுக்கு உன்னைத் தெரியுமா?"

டவுனில் மருத்துவரைப் பார்த்தேன். வைரஸை அடக்க மாத்திரை எழுதினார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, தண்ணீர் நிறையக் குடிக்கணும், சிலருக்குத் தலை சுற்றலாம், சுற்றினால் உடனே வந்து சொல்லுங்கள் என்றார். 'சிலருக்கு' என்று சொல்லப்படும் எதுவும் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை. பதவி உயர்வும் சிலருக்குத்தான் வந்தது. அதனால் தைரியமாக விழுங்கினேன்.

சுற்றியது. படுக்கையில் புரண்டால், ஓடாத மின்விசிறி ஓடியது. வெளியே நடந்தால் தெரு மெல்ல ஒரு பக்கம் சாயும். அதற்கு ஈடாக நான் மறுபக்கம் சாய்வதற்குள் தெரு நிமிர்ந்துவிடும். மருத்துவரிடம் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார், நிறுத்தினால் மிச்சம் இருப்பது வேளார்தான் என்று கணக்குப் போட்டு வாயை மூடிக்கொண்டேன். கணக்குப் பிரிவில் இருந்தவன் போட்ட கணக்கு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். கீழப்பழுவூர்ப் பக்கம், மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். முன்னால் வந்துபோன இடங்களெல்லாம் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் இனி யார் முன்னாலும் காப்பித் தட்டோடு நிற்கப்போவதில்லை என்று தங்கை சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்கிறவள். ஆனால் மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் தரகரிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாள். தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு எச்சரிக்கை செய்தார். மாப்பிள்ளையின் அக்கா புருஷன் குடித்தே குடும்பத்தை அழித்தவன், அதனால் குடிக்கிற ஆள் உள்ள வீடு என்றால் அவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்களாம். நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் இருமல் மருந்தைக்கூட யோசித்துத்தான் குடிப்போம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவர்களை அழைத்து வந்தேன். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா. தலைசுற்றலோடு குமட்டலும் இருந்ததால் வாயில் ஏலக்காயும் கிராம்புமாக அடக்கியிருந்தேன். வணக்கம் சொல்லக் குனிந்தவன் நிமிரும்போது பக்கத்து டீக்கடைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பெரியப்பா நெருங்கி வந்தார்.

"என்ன தம்பி, ஏலக்காயா?"

அப்போதுதான் உறைத்தது. வாய் நாற்றத்தை மறைக்க ஏலக்காய் மெல்லுகிறவர்கள் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். துப்பலாமென்றால் அது இன்னும் சந்தேகம். விழுங்கிவிட்டேன். ரோட்டைக் கடக்கும்போது பெரியப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விருந்தாளியை நான் கூட்டிவந்தேனா, அவர் என்னைக் கூட்டிவந்தாரா என்று பார்த்தவர்கள் குழம்பியிருப்பார்கள்.

வீட்டில் மரியாதையாக உட்கார்ந்தே இருந்திருக்கலாம். வீட்டுக்கு ஆம்பளை நான்தானே என்று எழுந்து கேசரித் தட்டை நீட்டினேன். தரை தன் வழக்கப்படி சாய்ந்தது. கேசரி பெரியப்பாவின் வேட்டிக்குப் போனது.

மாப்பிள்ளையின் அம்மா பெரியப்பாவைப் பார்த்தார். அவர் குனிந்து மாப்பிள்ளையின் காதில் என்னவோ சொன்னார். மாப்பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். வந்த சம்பந்தமே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன், ஏலக்காய் வாசனைதான் வந்தது.

சமையற்கட்டு நிலைப்படியில் காப்பித் தட்டோடு நின்ற தங்கை அதைக் கீழே வைத்தாள்.

"அண்ணனுக்கு அக்கிங்க. அதுக்குப் போடுற மாத்திரை தலையைச் சுத்துது. அம்மாகிட்ட தோத்துடக் கூடாதுன்னு நாலு நாளா சுவத்தைத் தடவிக்கிட்டுத் திரியுது. சட்டையைத் தூக்கிக் காட்டுண்ணே."

தூக்கினேன். பெண் பார்க்கும் வைபவத்தில் பெண்ணைவிட அதிக நேரம் பார்க்கப்பட்ட அண்ணன் நானாகத்தான் இருப்பேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விலாவை நுணுக்கமாகப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் எழுந்து வந்தார். இரண்டு பேருக்கும் முகம் தெளிந்தது. உடனே அடுத்த கேள்வி, ஏன் இன்னும் எழுதவில்லை என்று. நகை, சீர், ஜாதகம் எல்லாம் மறந்துபோய் என் விலா எலும்பைப் பற்றியே பேச்சு ஓடியது. வைரஸ் விளக்கத்தை மறுபடி ஆரம்பித்தேன். தூணைக் கட்டிக்கொண்டு பேசுகிறவனின் விஞ்ஞானத்தை யார் மதிப்பார்கள்? எழுதிவிட்டு வந்து மற்றதைப் பேசலாம் என்றார் பெரியப்பா. தங்கை என்னைப் பார்த்தாள். அதற்குமேல் எனக்குக் கொள்கை எதுவும் இருக்கவில்லை.

வேளார் வரைந்த சிங்கம், சோறு கண்டு பல நாளான நாய் மாதிரி இருந்தது. சட்டையில்லாமல், காவி பூசிய உடம்போடு வந்து உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டேன். நிலைப்படிப் பக்கம் தங்கையும் மாப்பிள்ளையும் என்னைப் பார்த்துச் சேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அது.

மறுநாள் மருத்துவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டார். காப்பியைச் சொன்னேன். மாத்திரையாலும் இருக்கலாம், தண்ணீரும் தூக்கமும் இல்லாததாலும் இருக்கலாம், முதல் நாளே வந்து சொல்லியிருக்க வேண்டும் என்று கடிந்துகொண்டு, மிச்ச மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிக்கொடுத்தார். ஸ்டெதஸ்கோப்பைச் சிங்கத்தின் மேல் படாமல் வைத்தார். மாத்திரை முடிந்ததும் தெரு நிமிர்ந்தது, அக்கியும் காய்ந்தது. அம்மா பெருமையைச் சிங்கத்துக்குக் கொடுத்தாள். நான் இன்றைக்கும் மாத்திரைக்குத்தான் கொடுக்கிறேன்.

கல்யாணப் பந்தியில் பெரியப்பா பக்கத்தில் இடம் கிடைத்தது. பெரிய மனசு பண்ணுகிறவன்போல, அன்றைக்கு நான் குடித்திருக்கிறேன் என்று நீங்கள் நினைத்ததில் தப்பே இல்லை என்றேன். அவர் ரசத்தை நிதானமாக உறிஞ்சி முடித்தார்.

"அப்படி யாரு தம்பி நினைச்சா? குடிக்கிறவன் இந்த மாதிரி நேரத்துல உங்களைவிட ஒழுங்கா நடப்பான். பரம்பரையா ஏதோ கோளாறு, பொண்ணுக்கும் இருக்குமோன்னுதான் பயந்துட்டோம்."