புளியங்குடி மலையில் ஒரு கூப்பிடு தூரம்

1984 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை 4.50. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் புளியங்குடி போகிற முதல் வண்டியில் அரை டவுசரோடு ஏறியவர்கள் இரண்டு பேர்: நானும் சுடலைமுத்துவும். போகும்போது நல்ல கால்கள் நான்கு. திரும்பும்போது மூன்று.

எதற்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வனக் காவலர் வேலைக்கு உடல் தகுதித் தேர்வு ஜூன் 25, திங்கட்கிழமை. இருபத்தைந்து கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எனக்கு வயது இருபத்து மூன்று. சிவில் டிப்ளமா கையில் இருக்கிறது, இரண்டு வருடமாக வேலை இல்லை. இது போனால் இன்னொன்று என்று நான் சொல்லிக்கொள்ளலாம். சுடலை சொல்லிக்கொள்ள முடியாது. அவன் பதினான்கு வயதிலிருந்து விசைத்தறியில் நிற்கிறவன். பஞ்சுத் தூசியில் இருமல் வந்துவிட்டது, தறிச் சத்தத்தில் இடது காது மந்தம். ஜூலை முதல் தேதியோடு அவனுக்கு வயது வரம்பு முடிகிறது. அவனுக்கு இதுதான் கடைசித் தேர்வு. எங்கள் இருவரில் வேகமானவனும் அவன்தான். எட்டு கிலோமீட்டர் தாண்டினால் அவன் முதுகைப் பார்த்தபடிதான் நான் ஓடுவேன்.

அதுவரை மேலநீலிதநல்லூர் ரோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தோம். தட்டை ரோடு. மலையில் ஏறி இறங்கிப் பழகினால் தட்டை ரோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர் ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டது நான். "தேர்வுக்கு ஒரு வாரத்துக்கு முன்ன மலை எதுக்குலே?" என்று அவன் கேட்டான். உனக்குப் பயிற்சி முறை தெரியாது என்றேன். அவன் வந்தான்.

பஸ்ஸில் டிக்கெட் ஒன்று ஒரு ரூபாய் இருபது காசு. பதினேழு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். கண்டக்டர் எங்கள் டவுசரைப் பார்த்துவிட்டு, "எங்கன வே இந்தக் கோலத்துல?" என்றார்.

"மலைக்கு ஓடப் போறோம் அண்ணாச்சி" என்றான் சுடலை.

"யாரு தொரத்துதா?"

"வயசு தொரத்துது அண்ணாச்சி."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று எனக்கு ஞாபகம்.

இனி பாதை. புளியங்குடியிலிருந்து மேற்கே எலுமிச்சைத் தோட்டங்கள் வழியாக அடிவாரக் கால்வாய் ஐந்து கிலோமீட்டர். மெதுவாக ஓடினால் நாற்பது நிமிடம், மாட்டுவண்டித் தடம், கணுக்கால் அளவு புழுதி. வனத்துறைக் காவல் குடிசையில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மறக்காமல் போடுங்கள். கால்வாயிலிருந்து நாங்கள் ஓட்டத்தைத் தொடங்கியது 6.20க்கு. முதல் மூன்று கிலோமீட்டர் சரளைக் கல், உடைமரம், முள். கால் ஊன்றுகிற இடத்தைப் பார்த்தே ஓட வேண்டும். அடுத்த இரண்டு கிலோமீட்டர் செங்குத்து ஏற்றம், ஓட முடியாது, முட்டியில் கை வைத்து நடக்கத்தான் முடியும். அதற்கு மேல் மூங்கில் காடும் சாரலும். ஜூன் மாதத்தில் காற்று ஆளைத் தள்ளும். அட்டைக் கடிக்கு உப்பு கொண்டு போங்கள். கான்வாஸ் ஷூவை நம்பாதீர்கள், பாசிப் பாறையில் அது சோப்பு.

எட்டாவது கிலோமீட்டரில் ஒரு பெரிய மொட்டைப் பாறை. 8.05க்கு அங்கே நின்றோம். எனக்கு மூச்சு வாங்கியது, சுடலைக்கு இல்லை. என் திட்டப்படி அங்கிருந்து வந்த வழியே திரும்ப வேண்டும், மொத்தம் பதினாறு கிலோமீட்டர். அதோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

பாறையில் ஒரு மாடு மேய்க்கிறவர் கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்தார். வெள்ளைப்பாண்டி என்று பெயர் சொன்னார். மழைக்காலத்துக்கு மலைமாடுகளை மேலே ஓட்டிவந்து கிடை போட்டிருக்கிறவர். நடுவில் ஆழமான ஓடை, எதிர்ப்பக்கத்தில் இதே போல இன்னொரு பாறை. அந்தப் பாறையிலிருந்து வண்டித்தடம் நேராகத் தோட்டங்களுக்கு இறங்குகிறதாம். எனக்கு அது போதும். வட்டப் பாதை கிடைத்தால் இனி வருகிற எல்லோருக்கும் உதவும் என்று நினைத்தேன்.

"அந்தப் பாறைக்கு எவ்வளவு தூரம் அண்ணாச்சி?"

"அந்தா தெரியுதுல்லா. கூப்பிடு தூரந்தான் மக்கா."

சொன்னதோடு விடவில்லை. எழுந்து கையைக் குவித்து, "ஏ முருகையோவ்!" என்று ஒரு சத்தம் போட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து "என்னண்ணோவ்!" என்று பதில் வந்தது. ஆள் கூடத் தெரிந்தது, விரல் அளவுக்கு.

என் கையில் நிறுத்தற்கடிகாரம் உள்ள எலெக்ட்ரானிக் வாட்ச். "இன்னொரு தடவ கூப்பிடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"என்ன வே, ஒமக்குக் கச்சேரியா வச்சிருக்கு?" என்று சொல்லிக்கொண்டே கூப்பிட்டார். அவர் வாய் மூடியதிலிருந்து பதில் வரும்வரை 4.6 விநாடி. எதிராளி யோசிக்க அரை விநாடி கழித்தேன். மீதியில் பாதி, விநாடிக்கு 340 மீட்டர் வீதம், எழுநூறு மீட்டர். என் ஊரில் கூப்பிடு தூரம் என்று சொல்லுகிற கிணற்றை நானே சங்கிலி போட்டு அளந்திருக்கிறேன், அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டு கணக்கும் ஒத்துப்போனதில் எனக்குப் பெருமை வேறு. பாதைக் குறிப்பு நோட்டில் 700 மீட்டர் என்று அங்கேயே எழுதிக்கொண்டேன்.

"அங்கன இருந்து பதில் வந்துச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கலியேலே" என்றான் சுடலை. "வந்த வழியே போவோம். இது தெரிஞ்ச வழி."

"பத்து நிமிஷம்லே" என்றேன்.

"ஓவர்சியர் சொன்னா சரிதான்" என்றான். டிப்ளமா முடித்ததிலிருந்து அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

8.20க்கு ஓடைப் பக்கம் இறங்கினோம். பாதை நேராக இறங்கவில்லை. தெற்கே வெகுதூரம் போய், மூங்கிலுக்குள் வளைந்து, திரும்பவும் வடக்கே வந்து, இப்படியே மடங்கி மடங்கி இறங்கியது. அரை மணி நேரம் கழித்தும் எதிர்ப்பாறை அதே தூரத்தில் இருந்தது. திரும்பிவிடலாம் என்று அவன் இரண்டு முறை சொன்னான். இவ்வளவு வந்தாச்சு என்று இரண்டு முறையும் நான்தான் சொன்னேன். கோபத்தில் வேகமாக இறங்கினேன். அவன் எனக்குச் சமமாக இறங்கினான்.

9.40க்கு ஓடையைத் தாண்டும்போது பாசியில் அவன் வலது கால் வழுக்கி இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கியது. உடம்பு ஒரு பக்கம் திரும்ப முட்டி திரும்பவில்லை. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கத்தவில்லை. தண்ணீரில் உட்கார்ந்தபடி, "இன்னும் எத்தன மீட்டர்லே ஓவர்சியரே?" என்று கேட்டான்.

நான் கல்லைப் புரட்டி அவன் காலை வெளியே எடுத்தேன்.

அவனைத் தோளில் சாய்த்து எதிர்ப்பாறைக்கு ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி 12.50. பின்னால் வரைபடத்தில் அளந்து பார்த்தேன்: பாறைக்குப் பாறை பாதை தூரம் 5.8 கிலோமீட்டர். முருகையா எங்களைப் பார்த்து வாயில் கை வைத்தார். நான் அவர் மேல் பாய்ந்தேன். "கூப்பிடு தூரம்னு சொன்னாரே அண்ணாச்சி!"

"கூப்பிட்டா கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு."

"பொறவு என்ன? கூப்பிடத்தானே கூப்பிட்டோம், நடந்து வாரும்னா சொன்னோம்? மாடு தப்புனா, ஆளு விழுந்தா சத்தம் குடுக்கதுக்கு உள்ள கணக்குவே அது. நடக்கதுக்கு வெத்தலக் கணக்கு. அங்கன இருந்து இங்கன வர நாலு வெத்தல ஆகும்."

ஒரு தடவை வாயில் போட்ட வெற்றிலை தீர்கிற நேரம் ஒரு வெற்றிலை. அவர் மென்றதை நான் பார்த்தேன், ஏறக்குறைய அரை மணி. அப்படியானால் நல்ல காலோடு போனாலே இரண்டு மணி நேரம். "எத்தனை வெற்றிலை?" என்று கேட்டிருந்தால் வெள்ளைப்பாண்டி சரியாகச் சொல்லியிருப்பார். நான் தூரம் கேட்டேன், அவர் தூரம் சொன்னார். அவர் மேல் பிழை இல்லை.

முருகையா ஒரு கம்பு வெட்டிக் கொடுத்தார். இரண்டு கிலோமீட்டர் இறங்கிய பிறகு எலுமிச்சை ஏற்ற வந்த மாட்டுவண்டி கிடைத்தது. புளியங்குடி வந்தது 4.10க்கு. வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு சுடலை சொன்னான்: "திங்கக்கெழம நீ போயிரணும்லே. எனக்காவ நிக்கப்படாது." நான் வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் முட்டியை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டு, தசைநார் அறுந்திருக்கிறது, ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது என்றார். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. தறிக்கூடத்தில் விசாரிக்க வந்தவர்களிடம் சுடலை, "நாந்தான் பாத்துக் கால வைக்கல" என்று சொன்னான். நான் பக்கத்திலேயே நின்றேன், மறுத்துப் பேசவில்லை. நான்கு நாளாக அந்த இடத்திலேயேதான் நிற்கிறேன் என்று தோன்றுகிறது.  ஓடப் போகவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இதே தேர்வுக்கோ அடுத்ததற்கோ தயாராகிறவர்கள். பாதை நல்ல பாதைதான். மொட்டைப் பாறை வரை போங்கள், வந்த வழியே திரும்புங்கள். தேர்வுக்கு மூன்று வாரத்துக்கு உள்ளே போகவே போகாதீர்கள். கூட வருகிறவன் திரும்பலாம் என்று சொன்னால் திரும்புங்கள். இதற்கு டிப்ளமா தேவையில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. என் பாதைக் குறிப்பில் 700 மீட்டர் என்று எழுதியதை அடித்துவிட்டு, 5.8 கி.மீ., நான்கு வெற்றிலை என்று எழுதுவது. நான் வரைபடத்தில் அளப்பதற்கு முன்பே அதை நகல் எடுத்துப்போன மூன்று பேருக்கும் இன்றே சொல்லுவது.

2. வனத்துறைக் குடிசையில், ஓடை வழி ஓடுவதற்கு இல்லை என்று எழுதி வைக்கச் சொல்லுவது.

3. சுடலைக்கு வயது வரம்பில் சலுகை கேட்டு மனு எழுதுவது. கிடைக்காது என்று தெரியும். எழுதுவேன்.

4. தறிக்கூடத்துக்குப் போய், வழுக்கியது அவன் கால், அந்த வழிக்கு இழுத்தது நான் என்று சொல்லுவது.

5. திங்கட்கிழமை தேர்வுக்குப் போவது. பஸ் ஸ்டாண்டுக்கு அவன் வீட்டு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். பின் தெருவில் சுற்றிப் போக மாட்டேன்.