கேற்றடியில் கலியாண எழுத்து

கலியாணக் கார்டுகளுக்கென்று நான் ஒரு தமிழ் எழுத்துரு வரைந்தேன். நாதஸ்வரத்தின் வாய்போல ஒவ்வொரு கோட்டின் அடியும் விரிந்து நிற்கும். கொம்புகளில் சுருள் ஓடும். யாழ்ப்பாணத்தில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணை அதைத் தன் கணினியில் ஏற்றிப் பார்த்தார்.

"வடிவுதான் தங்கச்சி. ஆனா வாசிக்க நேரமெடுக்குது."

எனக்குக் கோபம் வந்தது. கலியாணக் கார்டை ஓடிக்கொண்டா வாசிக்கிறார்கள்?

சில மாதங்கள் கழித்து, தொண்டைமானாற்றில் ஒரு வீட்டுக் கேற்றில் என் எழுத்தைக் கண்டேன். சிவப்புப் பலகையில், பொன்னிறத்தில், ஒரு சுருளும் குறையாமல்: 'கவனம், நாய் கடிக்கும்.' மோட்டார் சைக்கிளை நிறுத்தி மணியடித்தேன். வீட்டுக்கார அம்மா நாயைச் சங்கிலியில் பிடித்தபடி வந்தார்.

"உது கலியாண எழுத்தெல்லோ அன்ரி?"

"ஓம் பிள்ளை. முந்தின பலகையை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. நேரை உள்ளை வந்து கடி வாங்குவினம். அச்சகக்காரத் தம்பிதான் சொன்னவர், வாசிக்க நேரமெடுக்கிற எழுத்தொண்டு தன்னட்டை இருக்கெண்டு. இப்ப எல்லாரும் கேற்றடியிலையே நிண்டு வாசிக்கினம்."

நானும் கேற்றுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன்.