அந்தோணிமேரி டீச்சர் நடத்திய கணக்குப் போட்டி

அந்தோணிமேரி டீச்சர் என் வீட்டுப் பின்பக்க அறைக்குக் குடிவந்தபோது எனக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை. நாற்பதை நெருங்கியவள், கல்யாணம் ஆகாதவள், சத்தமாகப் பேசமாட்டாள். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள், வந்து துணி துவைப்பாள். இவ்வளவு ஒழுங்காக ஒருத்தி இருந்தால் எங்கேயோ இடிக்கும் என்று வேவு பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. அப்பா படப்பையில் லாரி ஓட்டியவர் என்பதும், அக்கா தங்கை நாலு பேரும் ஒரே சிலேட்டில் அடித்துப் பிடித்துக் கணக்குப் போட்டு வளர்ந்தார்கள் என்பதும்தான் தெரிந்தது.

அந்த ஒரு சிலேட்டை அவள் மறக்கவே இல்லை. சுற்றுப்பட்டுப் பள்ளிக்கூடங்களைக் கூப்பிட்டு, நாலு பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்து, சேர்ந்து பேசிக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றொன்றில்தான் ஹெட்மாஸ்டர் கிறிஸ்துதாஸ் சம்மதித்தார். அதுவும் எப்படி?

"ஒரே ஒரு புகார் வந்தாலும் இதோட முடிஞ்சிது. அப்புறம் இந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்கக் கூடாது" என்றாராம்.

அது நல்ல நேரமும் இல்லை. மே மாதத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஊரில் எவரும் எவரையும் நம்பவில்லை. வெளியூர்க்காரன் டீ குடித்தாலே போலீஸ் வந்து பேர் கேட்டது. போட்டிக்கு வேன் வரும் என்று கேள்விப்பட்டு ஒரு கான்ஸ்டபிள் என் வாசலுக்கே வந்துவிட்டான்.

"இன்னாம்மா கூட்டம் சேக்கறாங்களாமே?"

"கணக்குப் போட்டியாம்."

"கணக்கு போடறதுக்கு எதுக்கு கூட்டம்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். நீ கேட்டா சொல்லுவாங்க, போய்க் கேளு."

எனக்கும் அந்த ஏற்பாடு பிடிபடவில்லை. "ஒருத்தன் போடுவான், மூணு பேரு வேடிக்க பாத்துகினு பிஸ்கட் துன்னுவான். இதுல எவனுக்கு இன்னா தெரியும்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்று டீச்சரிடம் கேட்டேன்.

"தனியா போட்டா பயம் வரும் பெரிம்மா. சேந்து போட்டா சண்ட வரும். சண்ட வந்தாத்தான் ஏன் எப்படின்னு கேப்பாங்க" என்றாள். பிறகு, "நீங்க ஹால் வாசல்ல உக்காருங்க. யாரையும் நம்பாத ஆளுதான் எனக்கு வேணும்" என்றாள்.

உட்கார்ந்தேன்.

படப்பையிலிருந்து நாகப்பன் என்ற வாத்தியார் தன் பிள்ளைகளோடு வந்தார். தண்டலத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. மணி அடித்ததும் ஹால் மீன் மார்க்கெட் ஆகிவிட்டது. "டேய், மொதல்ல கூட்டணும்டா", "உன் மூஞ்சி, பெருக்கணும்" என்று கத்தல். ஒரு பெண் பக்கத்திலிருந்த பையன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் பல்லைப் பார்த்தேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெஞ்சுக்குக் கீழே ஆளாளுக்கு விரல் கணுக்களை எண்ணினார்கள். தாள் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போனது. எல்லாருக்கும் முன்னால் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போதே உறுத்தியது.

நாகப்பன் வாத்தியார் எழுந்தார். "டீச்சர், எங்க பசங்க தொண்ட கிழிய சண்ட போட்டுகினு இருக்காங்க. உங்க பசங்க ஒரு வார்த்த பேசாம முடிச்சிட்டாங்க. கேள்வி முன்னாடியே கைக்கு வந்துடுச்சா?"

 கிறிஸ்துதாஸ் பின்வரிசையிலிருந்து டீச்சரை முறைத்தார். கையில் வழக்கமான பிரம்பு. அவர் பயந்த புகார் வந்துவிட்டது.

நான் மனசில் இருப்பதை மறைக்கிற ஆள் இல்லை. "நேத்து சாயங்காலம் இந்த நாலு பேருல அந்த ஜாஸ்மின் பொண்ணு டீச்சர் ரூமுக்கு வந்துச்சி. நான் பாத்தேன்" என்றேன்.

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.  தாளை எடுத்து நாகப்பன் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே திருத்துங்க சார்."

அவர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இன்னாது இது? ஒவ்வொரு கணக்குக்கும் நாலு விட போட்டிருக்கு. நாலும் வேற வேற கையெழுத்து. சிலது சரி, சிலது தப்பு. எத திருத்தறது?"

கேள்வி முன்பே தெரிந்திருந்தால் நாலு பேரும் ஒரே விடையைத்தானே எழுதியிருப்பார்கள்? அது எனக்கே விளங்கியது. நாலு பேரும் தனித்தனியாகப் போட்டு, ஆளுக்கொரு மூலையில் எழுதிவிட்டுத் தாளைத் தள்ளியிருக்கிறார்கள்.

"ஏம்மா, பேசலாம்னு சொன்னாங்கல்ல?" என்று நாகப்பன் ஜாஸ்மினைக் கேட்டார்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "நெஜமாவே பேசலாமான்னு கேக்கத்தான் நேத்து டீச்சர் ரூமுக்குப் போனேன் சார். பேசலாம்னு சொன்னாங்க. ஆனா எச்செம் சார் பிரம்போட பின்னாடி நிக்கறாரு. பேசவுட்டு அடிப்பாங்கன்னு நெனச்சோம்."

அந்தப் பள்ளிக்கூடத்தில் பரீட்சையில் உதடு அசைந்தாலே முட்டியில் விழும். அது ஊருக்கே தெரியும்.

நாகப்பன் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன் டீச்சர்."

சேர்ந்து ஒரே விடை எழுதவில்லை என்று டீச்சர் சிவப்பு மைப் பேனாவை எடுத்து, தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தாளில் பெரிய சைபர் போட்டாள்.  தண்டலம் ஜெயித்தது. எங்கள் ஊர் கடைசி.

எல்லாரும் போன பிறகு கிறிஸ்துதாஸ் கேட்டார். "நம்ம ஸ்கூல்ல போட்டி வெச்சி நம்மளே சைபரா?"

"நாலு மூலையையும் சேத்துப் பாத்தா எல்லாக் கணக்குக்கும் சரியான விட இருக்கு சார்" என்றாள் டீச்சர். "பேசியிருந்தா ஜெயிச்சிருப்பாங்க."

அவர் தாளை வாங்கி நாலு மூலையையும் பார்த்தார். போர்டில் படப்பை வாத்தியார் போகும்போது எழுதிவிட்டுப் போயிருந்ததையும் படித்தார். அடுத்த வருஷம் படப்பையில் நடத்தலாம் என்று எழுதியிருந்ததாம்.

"அங்க எதுக்கு? இங்கியே நடத்துங்க" என்றார். "நான் உள்ள வரல."

டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அவ்வளவு சுலபமாக நம்பவில்லை. "அடுத்த வாட்டியும் நான்தான் வாசல்ல உக்காருவேன்" என்று அங்கேயே சொல்லிவைத்தேன். "பிரம்பு வருதா இல்லியான்னு நான் பாக்கணும்."