இரண்டு மலைகளுக்கு நடுவே

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால் மணி. அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். தையல் பிரிவில் வேலை செய்த திருநெல்வேலிப் பெண்ணுக்குத் திடீரென்று பிரசவ வலி கண்டுவிட்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவளைக் கம்பெனி வேனில் ஏற்றி, காங்கேயம் ஆஸ்பத்திரிக்கு நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பாலம் வேலைக்காக மெயின் ரோட்டை மறித்திருந்தார்கள். குறுக்கு வழி எனக்கு மனப்பாடம்: மூன்றாவது கிளுவை முள்வேலி தாண்டி இடது, அடுத்த வேலியில் வலது. எதையும் எண்ணி வைத்துக்கொள்வது என் பழக்கம். ஆனால் மேய்ச்சல் காட்டைப் பாகம் பிரித்து யாரோ புதிதாக ஒரு வேலி வைத்திருந்தார்கள். என் எண்ணிக்கை தப்பியது. அதன்பின் எங்கே திரும்பினாலும் இருபுறமும் ஆளுயரக் கிளுவைதான். செல்போன் காட்டிய தடம் ஒரு முள்படலில் போய் முட்டியது. சிக்னலும் போய்விட்டது.

"முடியலக்கா, சீக்கிரம் போங்கக்கா" என்று பின்னால் அவள் அழுதாள்.

படலுக்கு உள்ளே செம்மறி மேய்த்துக்கொண்டிருந்த, என் வயதுள்ள ஒரு பெண் ஓடி வந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, அத்தாம்பெரிய மலை ரெண்டு நிக்குது, நீங்க போனை நோண்டிட்டிருக்கறீங்க! வேன் படியில ஏறிப் பாருங்க."

ஏறினேன். வேலிக்கு மேலே இடப்பக்கம் சிவன்மலை, வலப்பக்கம் ஊதியூர் மலை.

"ரெண்டுக்கும் நடுவால போனா காங்கயமுங்க. மாடு ஓட்டிட்டுப் போறவங்க அப்படித்தான் போவாங்க. காத்து முதுகுல அடிக்கோணும், மூஞ்சில அடிச்சா திரும்பிக்குங்க" என்றபடி படலைத் திறந்துவிட்டார்.

தடம் நாலு முறை வளைந்தது. ஒரு வளைவில் சிவன்மலை வலப்பக்கம் வந்துவிட்டது. வேனைப் பின்னால் எடுத்து வேறு தடத்தில் திருப்பினேன். காற்று முதுகுப் பக்கம் வந்தது; எங்கள் புழுதி எங்களுக்கு முன்னால் பறந்தது. பத்து ஐம்பத்திரண்டுக்கு ஆஸ்பத்திரி. இருபது நிமிடத்தில் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார் டாக்டர்.

மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பழைய வணிகர்கள் இந்தப் பக்கமாக நடந்தார்கள் என்று எப்போதோ படித்திருந்தேன். அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்த மலைகளைத் திரும்பிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. எங்களுக்காகவே அவை அங்கே நின்றன என்று தோன்றியது. வழி தெரியாமல் தவித்து இங்கே வந்தவர்கள் எல்லோருக்கும், எத்தனையோ நூறு வருடங்களாக, அப்படித்தானே தோன்றியிருக்கும்!